முன்ஜாமீன் புத்தகம்

புது மிக்சி வாங்கிப் பெட்டியைப் பிரித்தால் தெர்மாகோலுக்கும் ஜாருக்கும் நடுவில் இரண்டு காகிதச் சமாசாரங்கள் கிடக்கும். ஒன்று பளபளப்பான ஆர்ட் பேப்பர். அதில் வெள்ளைச் சட்டை போட்ட ஒரு பெண், ஒரு துளி வியர்வை இல்லாமல், ஆரஞ்சுச் சாறு எடுத்துக்கொண்டிருப்பார். பக்கத்தில் 1, 2, 3 என்று மூன்று படங்கள். அது யூசர் கைடு. மற்றது மங்கலான தாளில், பூதக்கண்ணாடி கேட்கும் எழுத்தில், ஆங்கிலமும் இந்தியும். அது யூசர் மேனுவல். நம் வீடுகளில் இரண்டுக்கும் ஒரே பெயர், கேட்லாக். இரண்டுக்கும் ஒரே கதி, வாரண்டி கார்டோடு பாலிதீன் கவரில் சுருட்டி பீரோவுக்கு மேல்.

ஜனங்கள் படிப்பதே இல்லை என்று கம்பெனிக்காரர்கள் புலம்புகிறார்கள். படிக்கிற மாதிரி எழுதினீர்களா சாமி என்று அவர்களை யாரும் கேட்பதில்லை. நான் கேட்கிறேன்.

நியாயமாக இருக்கவேண்டியது என்ன என்பதை முதலில் சொல்லிவிடலாம். மேனுவல் என்பது ஒரு பொருளைப் பற்றிய முழு விவரம். எந்தப் பொத்தான் எதற்கு, விடாமல் எத்தனை நிமிடம் ஓடலாம், எந்த வோல்டேஜுக்குமேல் போனால் கருகும், திரையில் வரும் ஒவ்வொரு பிழை எண்ணுக்கும் என்ன காரணம், எதைத் தொட்டால் ஷாக் அடிக்கும், எல்லாம் அதில் இருக்கவேண்டும். அதை யாரும் அட்டையிலிருந்து அட்டைவரை படிக்கப்போவதில்லை. தேவைப்படும் அன்று தேவைப்படும் பக்கம் கைக்கு அகப்பட்டால் போதும். கைடு வேறு ரகம். முதன்முதலாகத் தொடுகிறவர் பக்கத்தில் நின்று, முதலில் இதைச் செய், அடுத்து இதைச் செய், இப்படி ஆனால் பயப்படாதே என்று சொல்லி ஒரு வேலையை முடித்துக் கொடுப்பது அது. வாங்கிய அன்று கைடு வேண்டும். மூன்றாம் மாதம் ராத்திரி பத்து மணிக்கு மெஷின் பாதியில் நிற்கும்போது மேனுவல் வேண்டும். ஒன்று இருக்கிறதே என்று மற்றதை விட்டுவிட முடியாது. மேனுவல் எழுதும் தொழிலில் ஆறு மாதம் இருந்தவருக்கும் இது தெரியும்.

தெரிந்தும் என்ன செய்தார்கள் என்பதுதான் வயிற்றெரிச்சல். கைடை விளம்பரத் துறை தூக்கிக்கொண்டு போயிற்று. மேனுவலைச் சட்டத் துறை எடுத்துக்கொண்டது. பொருளைச் செய்த இன்ஜினியர்கள் உண்மையாக எழுதிய மூன்றாவது புத்தகம் ஒன்று உண்டு, சர்வீஸ் மேனுவல். அதைக் கம்பெனி பூட்டி வைத்துக்கொண்டது. காசு கொடுத்து வாங்கியவருக்கு மூன்றில் ஒன்றும் மிச்சமில்லை. முதலாவது அவரை மயக்குவதற்கு, இரண்டாவது அவர்மேலேயே பழிபோடுவதற்கு, மூன்றாவது அவர் கண்ணில் படக்கூடாது.

இரண்டாவதைப் பிரித்துப் பாருங்கள். பாதிப் புத்தகம் எச்சரிக்கை. குளியல்தொட்டிக்கு அருகில் வைத்து இயக்காதீர்கள். (அம்பத்தூரில் ஒண்டுக் குடித்தனத்தில் குளியல்தொட்டி!) பிளேடு சுழலும்போது உள்ளே விரலை விடாதீர்கள். ஒயரைப் பிடித்து மிக்சியைத் தூக்காதீர்கள். மின்சாரம் இல்லாவிட்டால் இப்பொருள் இயங்காது. இதையெல்லாம் கண்டுபிடிக்க ஒரு வக்கீலும் அவருக்கு ஃபீசும் தேவைப்பட்டிருக்கிறது.

இந்த இடத்தில் சட்டம் என்ன சொல்கிறது என்று பார்த்தால் கோபம் இரட்டிப்பாகும். 2020 ஜூலையில் அமலுக்கு வந்த நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019-இன் 84-ஆம் பிரிவு, பொருளால் தீங்கு நேராமல் தடுக்கப் போதுமான செய்முறைக் குறிப்பும் தவறான பயன்பாடு பற்றிய எச்சரிக்கையும் தராத தயாரிப்பாளர் நஷ்டஈட்டுக்குப் பொறுப்பு என்கிறது. நல்ல சட்டம். அதே சட்டத்தின் 87-ஆம் பிரிவு, எல்லோருக்கும் வெளிப்படையாகத் தெரிந்த ஆபத்தைச் சொல்லாமல் விட்டதற்காகத் தயாரிப்பாளரைப் பிடிக்க முடியாது என்கிறது. அதுவும் நியாயம். பிளேடு கையை வெட்டும் என்று சொல்லாவிட்டால் யாரும் வழக்குப் போட முடியாது. ஆக, சொல்லத் தேவையே இல்லாததைச் சொல்லிப் பக்கத்தை நிரப்புகிறார்கள். சொல்லியே ஆகவேண்டியதை அந்தக் குவியலுக்குள் புதைக்கிறார்கள். சூடாக வதக்கிய வெங்காயம் தக்காளியை ஆறவிடாமல் ஜாரில் போட்டு மூடி ஓடவிட்டால், நீராவி மூடியைத் தூக்கி எறிந்து கொதிக்கும் விழுது முகத்தில் அடிக்கும். இது வெளிப்படையாகத் தெரிகிற ஆபத்து இல்லை. மிக்சியில் உண்மையாகவே நடக்கக்கூடியது. இது எங்கே இருக்கும்? எச்சரிக்கைப் பட்டியலின் வால்பகுதியில், 'பெட்டியைக் குழந்தைகளுக்கு எட்டாமல் வைக்கவும்' என்பதற்குக் கீழே, அதே அளவு எழுத்தில். நாளைக்கு நீங்கள் வெந்த முகத்தோடு நின்றால், 'சொன்னோமே, படிக்கவில்லையா' என்று காட்டுவதற்கு அந்த ஒரு வரி போதும். மேனுவல் என்று நம் கையில் கொடுப்பது கம்பெனி முன்கூட்டியே வாங்கி வைத்துக்கொள்ளும் முன்ஜாமீன்.

அதே மிக்சியின் இன்னொரு கதை. தேங்காய்ச் சட்னி பாதி அரைபட்டிருக்கும்போது பட்டென்று நின்றுவிடும். அரைத்துக்கொண்டிருந்த அம்மா ஒயரை ஆட்டிப் பார்ப்பார், வேறு பிளக்கில் செருகிப் பார்ப்பார், கடைசியில் கட்டைப்பையில் போட்டு ரிப்பேர் கடைக்குத் தூக்கிக்கொண்டு போவார்.

"என்னம்மா ஆச்சு?"

"நல்லாத்தான் தம்பி ஓடிக்கிட்டு இருந்துச்சு. பட்டுனு நின்னுடுச்சு."

"காயில் போயிருக்கும்மா. வச்சிட்டுப் போங்க, சாயங்காலம் வாங்க."

அவர் தெருமுனை தாண்டியதும் தம்பி மிக்சியைக் கவிழ்க்கிறார். அடியில் சிவப்பாக ஒரு சின்னப் பொத்தான். அழுத்துகிறார். ஓடுகிறது. சாயங்காலம் நூற்றைம்பது ரூபாய். மோட்டார் அளவுக்குமேல் சூடானால் தானே நின்று, கருகாமல் காப்பாற்றும் பாதுகாப்பு சுவிட்ச் அது. சற்று ஆறவிட்டு அழுத்தினால் முடிந்தது வேலை. மேனுவலில் அது இல்லாமல் இல்லை. 'ஓ.எல்.பி. டிரிப் ஆனால் ரீசெட் செய்யவும்' என்று நாலு வார்த்தை இருக்கும். ஓ.எல்.பி. எங்கே இருக்கிறது, எப்படி இருக்கும், ஏன் டிரிப் ஆகிறது, எவ்வளவு நேரம் பொறுக்கவேண்டும், ஒன்றும் இருக்காது. வண்ணமயமான கைடில்? அந்தப் பெண் இன்னும் ஆரஞ்சு பிழிந்துகொண்டிருக்கிறார். ரிப்பேர் கடைத் தம்பியை நான் குற்றம் சொல்லமாட்டேன். கம்பெனி வாய்மூடி இருப்பதால் அவருக்கு இட்லிக்காசு கிடைக்கிறது, அவ்வளவுதான்.

மேனுவல் நடையைப் பற்றியும் சொல்லவேண்டும். 'பவர் பொத்தான்: பவரை இயக்கவும் நிறுத்தவும் பயன்படுகிறது.' 'மெனு பொத்தான்: மெனுவுக்குச் செல்ல.' சலவை மெஷினில், 'டர்போ மோடு: டர்போ மோடைத் தேர்வு செய்யும்.' டர்போ என்றால் துணி கிழியுமா, தண்ணீர் கூடுமா, கரண்ட் பில் ஏறுமா? மூச்! இதைப் பார்த்துத்தான் நம் அரசு இணையதளங்களும் படித்துக்கொண்டன போலிருக்கிறது. 'யூசர் மேனுவல்' என்று ஒரு பி.டி.எஃப். தருவார்கள். முதல் படி, முகவரியை உள்ளிடவும். இரண்டாம் படி, லாகின் செய்ய லாகின் பொத்தானை அழுத்தவும். அதிலிருக்கும் படங்கள் இரண்டு அவதாரத்துக்கு முந்தைய பக்கத்தினுடையவை. 'ஆவணம் ஏற்கப்படவில்லை' என்று சிவப்பில் வந்தால் என்ன செய்வது என்பது மட்டும் எந்தப் படியிலும் கிடையாது.

ஏழு மாடலுக்கும் ஒரே புத்தகம் அடிப்பது இன்னொரு சிக்கனம். ஒவ்வொரு வரிக்கும் ஒரு நட்சத்திரக் குறி, கீழே 'சில மாடல்களில் மட்டும்'. நம் வீட்டில் இருப்பது அந்தச் சிலதில் சேருமா? சொல்லமாட்டார்கள். கடைசிப் பக்கத்தில், 'படங்கள் மாதிரிக்கு மட்டும். விவரங்கள் முன்னறிவிப்பின்றி மாறும்' என்று ஒரு வரி. அதுவரை சொன்ன அத்தனைக்கும் அவர்களே போட்டுக்கொள்ளும் தள்ளுபடி மனு அது.

ஒரு மிக்சிக்கு இத்தனை ஆர்ப்பாட்டமா என்று கேட்பவர்கள் இருப்பார்கள். சரி, மிக்சியை இறக்கி வைத்துவிட்டு மருத்துவமனைக்குள் போவோம்.

தெராக்-25 என்பது கனடா அரசுக்குச் சொந்தமான ஏ.இ.சி.எல். நிறுவனம் செய்த புற்றுநோய்க் கதிர்வீச்சு இயந்திரம். 1985 ஜூனுக்கும் 1987 ஜனவரிக்கும் இடையில் அது ஆறு நோயாளிகளுக்கு அளவுக்கு மீறிக் கதிர்வீச்சைப் பாய்ச்சியது. அடிப்படைக் கோளாறு மென்பொருளில். ஆனால் 1986 மார்ச்சில் டெக்சாஸ் மாநிலத்தின் டைலர் நகரில் நடந்ததைக் கேளுங்கள். சிகிச்சையின் நடுவில் இயந்திரம் நின்று, திரையில் 'மால்ஃபங்ஷன் 54' என்று வந்தது. இயந்திரத்தோடு வந்த ஆபரேட்டர் மேனுவலில் இந்த எண்களுக்கு விளக்கமே கிடையாது. அருகிலிருந்த ஒரு தாளில் '54: டோஸ் இன்புட் 2' என்று இருந்தது. கொடுத்த அளவு மிக அதிகமாகவோ மிகக் குறைவாகவோ போயிருக்கலாம் என்பது அதன் உட்பொருள். அதை அந்தத் தாளைப் பார்த்து எந்த ஞானியாலும் கண்டுபிடிக்க முடியாது. அந்த இயந்திரம் சின்னச் சின்னதற்கெல்லாம் நிற்கும், ஒரு விசையைத் தட்டினால் தொடரும். ஆபரேட்டர் பழக்கப்படி தட்டினார். உள்ளே படுத்திருந்தவர்மேல் இரண்டாம் முறையும் பாய்ந்தது. ஐந்து மாதத்தில் அவர் இறந்தார். அடுத்த மாதமே அதே ஊர், அதே இயந்திரம், அதே 54. இன்னொருவர் பலி.

ஐம்பத்து நான்கு என்று ஒரு எண்ணை அச்சிடத் தெரிந்தவர்களுக்கு, 'நிறுத்து, நோயாளியைப் பார்' என்று மூன்று வார்த்தை எழுத வரவில்லை.

தெராக் கதையை அலட்சியம் என்று சொல்லித் தப்பிக்கலாம். போயிங் 737 மேக்ஸ் கதையில் அந்தச் சமாதானத்துக்கும் இடமில்லை. அது கணக்குப் போட்டுச் செய்த வேலை. பழைய 737 ஓட்டிய விமானிகள் புது மேக்ஸுக்கு மாற சிமுலேட்டர் பயிற்சி தேவைப்படக்கூடாது என்பது வியாபார வாக்குறுதி. சவுத்வெஸ்ட் நிறுவனத்தோடு போட்ட ஒப்பந்தத்தில், அப்படிப் பயிற்சி தேவைப்பட்டால் விமானம் ஒன்றுக்கு 10 லட்சம் டாலர் தள்ளுபடி தருவதாகவே போயிங் எழுதிக் கொடுத்திருந்தது. அந்த விமானத்தில் எம்காஸ் என்ற புதிய மென்பொருள் இருந்தது. ஒரே ஒரு சென்சார் சொல்வதைக் கேட்டுக்கொண்டு, விமானியைக் கேட்காமலே மூக்கைக் கீழே தள்ளக்கூடியது. அதைப் பற்றி மேனுவலில் எழுதினால் பயிற்சி வேண்டும் என்ற கேள்வி வரும். ஆகவே விமானிகளின் மேனுவலில் எம்காஸ் இல்லை. பழைய 737 விமானிகளுக்கு ஐபேடில் ஓரிரு மணி நேரப் பாடம், அதிலும் இல்லை. விளம்பரக் கைடு பளபளத்தது, மேனுவல் மௌனம் சாதித்தது. நம் மிக்சிப் பெட்டிக்குள் இருக்கும் அதே ஏற்பாடு, கூட நூற்றுக்கும் மேற்பட்ட இருக்கைகளோடு.

2018 அக்டோபர் 29. ஜகார்த்தாவிலிருந்து புறப்பட்ட லயன் ஏர் 610. சென்சார் பொய் சொன்னது, எம்காஸ் அதை நம்பியது. இருபது தடவைக்குமேல் மூக்கு கீழே தள்ளப்பட்டது, விமானி மேலே இழுத்துக்கொண்டே இருந்தார். அந்த நிமிடங்களில் விமானி அறையில் அவசரக் கையேட்டைப் புரட்டிக்கொண்டிருந்தார்கள். என்ன நடக்கிறது, ஏன் நடக்கிறது என்று பக்கம் பக்கமாகத் தேடினார்கள். படிக்கவில்லை என்று ஜனங்களைக் குறை சொல்லும் கனவான்கள் இந்த இடத்தை ஒரு தடவைக்கு இரண்டு தடவை படிக்கவேண்டும். அவர்கள் படித்தார்கள் ஐயா! உயிர் போகும் நேரத்திலும் மேனுவலைப் படித்தார்கள். அவர்கள் தேடிய பெயரை அதில் அச்சிடவில்லை. 189 பேர் ஜாவாக் கடலில் போனார்கள்.

அதன் பிறகாவது உண்மையைச் சொன்னார்களா? நவம்பர் தொடக்கத்தில் போயிங் விட்ட முதல் சுற்றறிக்கையிலும் எம்காஸ் என்ற பெயர் இல்லை. ஏற்கெனவே இருக்கும் நடைமுறையைப் பின்பற்றுங்கள் என்றது. 2019 மார்ச் 10. எத்தியோப்பியன் ஏர்லைன்ஸ் 302. விமானிகள் அந்த நடைமுறைப்படி மின்சுவிட்சுகளை அணைத்துக் கையால் சரிசெய்யப் பார்த்தார்கள். முடியவில்லை. 157 பேர். இரண்டும் சேர்த்து 346.

கணக்குத் தீர்த்த அழகைச் சொல்லாமல் விட்டால் இந்தக் கட்டுரை முழுமையாகாது. 2021 ஜனவரியில் அமெரிக்க நீதித் துறையோடு போயிங் உடன்படிக்கை செய்துகொண்டது. தன் ஊழியர்கள் அமெரிக்க விமானப் போக்குவரத்து ஒழுங்குமுறை அமைப்பை ஏமாற்றியதையும், அதனால் மேனுவல்களிலும் பயிற்சிப் பாடங்களிலும் எம்காஸ் பற்றிய தகவல் இல்லாமல் போனதையும் ஒப்புக்கொண்டது. மொத்தம் 250 கோடி டாலருக்குமேல். அதில் குற்ற அபராதம் 24.36 கோடி. விமானம் வாங்கிய கம்பெனிகளுக்கு 177 கோடி. இறந்தவர்களின் குடும்பங்களுக்கு 50 கோடி. தவறாகப் படிக்கவில்லை நீங்கள். செத்தவர் வீட்டைவிட விமானம் வாங்கியவருக்கு மூன்று மடங்குக்குமேல். ஒரு மேனுவலில் விடுபட்ட சில பக்கங்களின் விலைப்பட்டியல் இது.

இனி நம் ஊருக்கு வருவோம். இங்கே பிரச்சினை விடுபட்ட பக்கம் மட்டும் இல்லை, மொழியும்தான். வெளிநாட்டுக் கம்பெனியின் சலவை மெஷினோடு சிலசமயம் ஒரு தடித்த புத்தகம் வரும். எஸ்தோனியன் இருக்கும், லாட்வியன் இருக்கும், ஸ்லோவேனியன் இருக்கும். எஸ்தோனியாவின் மக்கள்தொகை 14 லட்சத்தைத் தொடாது. நம் கோயம்புத்தூர் மாவட்டம் அதைவிடப் பெரிது. 2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் 7.21 கோடிப் பேர். தமிழ் எங்கே என்று தேடினால் விரல்தான் தேயும். எஸ்தோனியர்கள்மேல் கம்பெனிக்குத் தனிப் பாசம் எதுவும் இல்லை. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2014-ஆம் ஆண்டு மின்சாதன விதி, செய்முறைக் குறிப்பும் பாதுகாப்புத் தகவலும் அந்தந்த நாடு நிர்ணயிக்கும், மக்களுக்கு எளிதில் புரியும் மொழியில் இருந்தே ஆகவேண்டும் என்கிறது. இல்லாவிட்டால் சரக்கு கடைக்குப் போகாது. பாசத்தைவிட இந்த வரி வலுவானது.

நம்மிடம் என்ன இருக்கிறது? பொட்டலப் பொருட்களுக்கான 2011-ஆம் ஆண்டு விதிகள். பெட்டிமேல் போடும் விவரங்கள் தேவநாகரி இந்தியிலோ ஆங்கிலத்திலோ இருந்தால் போதும் என்கின்றன. வேறு மொழியும் கூடுதலாகச் சேர்க்க விரும்பினால் சேர்த்துக்கொள்ளலாமாம். என்ன தாராளம்! இந்த நாட்டால் முடியாது என்றும் சொல்ல முடியாது. 1971-ஆம் ஆண்டின் பூச்சிக்கொல்லி விதிகள், டப்பாவோடு வரும் தாள் இந்தி, ஆங்கிலத்தோடு அது விற்கப்படும் பகுதியின் மொழியிலும் இருக்கவேண்டும் என்று அன்றைக்கே எழுதிவிட்டன. தென்னைக்கு மருந்தடிக்கிறவருக்குத் தமிழில் சொல்லவேண்டும் என்று 1971-இல் தெரிந்தது. கெய்சர் போட்டுக் குளிக்கிறவருக்குத் தமிழில் சொல்லவேண்டும் என்று இத்தனை வருஷம் கழித்தும் தெரியவில்லை. (அந்தப் பூச்சிமருந்துத் தாளைப் பிரித்துப் படித்துப் பார்த்திருக்கிறீர்களா? தமிழ் இருக்கும். கண் டாக்டர் பக்கத்தில் இருந்தால் படிக்கலாம். கடைக்காரர் 'டேங்குக்கு ஒரு மூடி ஊத்துண்ணே' என்பதுதான் நடைமுறையில் கைடும் மேனுவலும்.)

இதில் உறுத்துகிற வேடிக்கை என்னவென்றால், உலகத்துக்கு மேனுவல் எழுதிக் கொடுக்கும் கூட்டத்தில் நம் பிள்ளைகளும் இருக்கிறார்கள். சென்னை ஓ.எம்.ஆர். சாலைக் கண்ணாடிக் கட்டடங்களில் டெக்னிக்கல் ரைட்டர் என்ற பட்டத்தோடு உட்கார்ந்து வேலை பார்க்கிறார்கள். விமானப் பராமரிப்புக்கு எழுத ஒரு எளிய ஆங்கிலத் தரமே உண்டு. ஒரு வாக்கியத்தில் ஒரு கட்டளை, செய்முறை வாக்கியம் 20 சொல்லைத் தாண்டக்கூடாது, ஒரு சொல்லுக்கு ஒரே பொருள் என்று கறாராக விதிகள். ஆங்கிலம் தாய்மொழியாக இல்லாத மெக்கானிக்குக் குழப்பம் வந்துவிடக்கூடாதாம். என்ன கரிசனம்! கைடுக்கும் மேனுவலுக்கும் என்ன வேறுபாடு என்று இந்தப் பிள்ளைகளை நடுராத்திரியில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார்கள். ஆனால் அவர்களுடைய அம்மா வாஷிங் மெஷினில் வந்த எழுத்தைப் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பி, 'தம்பி இது என்னடா' என்று கேட்கிறார். அந்த அம்மாவுக்கு எழுத எந்தக் கம்பெனியிலும் சம்பளம் ஒதுக்கப்படவில்லை.

இப்போது அந்த மங்கலான தாளும் போய்க்கொண்டிருக்கிறது. பெட்டிக்குள் ஒரு சீட்டு, அதில் ஒரு க்யூ.ஆர். கோடு, 'மரங்களைக் காப்போம்' என்று ஒரு பச்சை இலை. பெட்டி முழுக்கத் தெர்மாகோலை அடைத்து அனுப்பியவர்களுக்குத் திடீரென்று மரத்தின்மேல் கருணை. ஸ்கேன் செய்தால் கம்பெனியின் முகப்புப் பக்கம் திறக்கும். குக்கீ சம்மதம், இருப்பிடச் சம்மதம், ஆப் இறக்கிக்கொள், மொபைல் எண் கொடு, ஓ.டி.பி. போடு. அதற்குப் பிறகு வருவது போன வருஷத்து மாடலின் பி.டி.எஃப். மறுநாளிலிருந்து வாரண்டி நீட்டிப்பு வேண்டுமா என்று போன் வரத் தொடங்கும். நாம் மேனுவலைத் தேடிப் போனோம், அவர்கள் நம் நம்பரைப் பிடித்துக்கொண்டார்கள். பட்டன் போன் வைத்திருக்கும் பெரியவருக்கு இந்த நாடகத்தில் வேஷமே கிடையாது.

ஐரோப்பாவும் காகிதத்தைக் குறைக்கத்தான் போகிறது. 2027 ஜனவரியில் அமலாகும் புதிய இயந்திர விதி டிஜிட்டல் மேனுவலை அனுமதிக்கிறது. ஆனால் வாங்கும்போது கேட்டால் ஒரு மாதத்துக்குள் இலவசமாக அச்சுப்பிரதி தரவேண்டும். இணையத்தில் குறைந்தது 10 வருஷம் வைத்திருக்கவேண்டும். வீட்டு உபயோகக்காரருக்கான அடிப்படைப் பாதுகாப்புத் தகவல் காகிதத்தில்தான் இருக்கவேண்டும். அவர்கள் நிபந்தனையோடு விட்டுக்கொடுத்தார்கள். இங்கே பச்சை இலையைப் பார்த்துவிட்டுக் கைதட்டிவிட்டோம்.

பூட்டி வைத்த மூன்றாவது புத்தகத்துக்கு வருகிறேன். 1978-இல் ஆப்பிள் II கணினியின் மேனுவலில் முழு மின்சுற்று வரைபடமும் அச்சாகியிருந்தது. 1981-இல் ஐ.பி.எம். தன் பி.சி.க்கு வெளியிட்ட தொழில்நுட்ப மேனுவலில் பயாஸ் நிரலின் வரிகள்கூட இருந்தன. பழைய வால்வு ரேடியோக்களில் பின்பலகையைக் கழற்றினால் உள்ளேயே வரைபடம் ஒட்டியிருக்கும். நீ வாங்கிவிட்டாய், இனி இது உன்னுடையது என்று பொருள். இன்று எதைத் தொட்டாலும் ஒரே வாசகம்: 'அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் சென்டரை அணுகவும்.' சென்னை ரிச்சி தெரு மெக்கானிக்குகள் ஒரு போர்டின் வரைபடத்தைத் தேடி வாட்ஸ்அப் குழுக்களில் கெஞ்சிக்கொண்டிருக்கிறார்கள். மத்திய நுகர்வோர் துறை 2022 ஜூலையில் பழுதுபார்க்கும் உரிமைக்கு ஒரு குழு போட்டது. அதே ஆண்டு டிசம்பர் 24-இல் ஒரு இணையதளமும் திறந்தது. விளக்கேற்றினார்கள், கைதட்டினார்கள். மேனுவலைக் கொடுத்தே ஆகவேண்டும் என்ற கட்டாயம் மட்டும் வரவில்லை.

கஸ்டமர் கேருக்குப் போன் செய்து பாருங்கள். ஹிந்திக்கு ஒன்று, ஆங்கிலத்துக்கு இரண்டு. தப்பித்தவறித் தமிழ் பேசும் பிள்ளை கிடைத்தால் அதன் முதல் கேள்வி, "சார், மேனுவல் படிச்சீங்களா?" பாவம், அந்தப் பிள்ளைக்கும் மேனுவல் கொடுத்திருக்கமாட்டார்கள். ஒரு ஸ்கிரிப்ட் கொடுத்திருப்பார்கள்.

ஆகவே வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். கடையில் பணம் கட்டும் முன்பே பெட்டியைப் பிரிக்கச் சொல்லி, தமிழில் மேனுவல் இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லை என்றால் பில்லின் பின்னால் 'தமிழ் மேனுவல் தரப்படவில்லை' என்று எழுதிக் கையெழுத்துக் கேளுங்கள். போடமாட்டார்கள், இருந்தாலும் கேளுங்கள். பத்துப் பேர் கேட்டால் டீலர் கம்பெனிக்குப் போன் செய்வார். கேட்லாக்கைப் பழைய பேப்பர்காரருக்குப் போடாதீர்கள். அதில் என்ன இருக்கிறது என்பதைவிட என்ன இல்லை என்பது வழக்குக்கு உதவும். காயம் பட்டால் 84-ஆம் பிரிவைச் சொல்லி மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுங்கள். பொருளுக்கு நீங்கள் கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய்க்குள் என்றால் கட்டணம் கிடையாது. வக்கீல் வைக்கவேண்டும் என்ற கட்டாயமும் கிடையாது. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.